மூன்றாவதாகக் கேட்ட பேர்

விறகுக் கட்டைத் தலைக்கு ஏற்றக் குனிந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"பரமன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மஞ்சு இறங்கியிருந்தது. மலைமேல் தரையோடு தரையாக வந்து படியும் மேகத்தை நாங்கள் மஞ்சு என்போம். அதற்குள் நின்றால் நீட்டிய கை தெரியாது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் பேசுவது தூரத்தில் கேட்கும். தூரத்தில் இருமுவது காதுக்குள் கேட்கும்.

"பரமன்."

கொஞ்சம் விட்டு மறுபடியும், "பரமன்."

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லப் பரமன் எங்கே இருக்கிறார்? இரண்டு வருசத்துக்கு முன்னால் சாராயத்தில் வயிறு வீங்கிச் செத்துப்போனவர். அவர் சம்சாரத்துக்கு மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் நான்.

"வேலுச்சாமி."

அதே குரல். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. காத்திருக்கிற குரல். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு நின்றது. வேலுச்சாமியும் செத்தவர்தான். சித்திரை மாசம் கோடை மழையில் போனவர்.

என் காலில் அட்டை ஏறியிருந்தது. தட்டிவிடக்கூடத் தோன்றாமல் நின்றேன். ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் நின்றன. இலை நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் நின்றுவிட்டது போல இருந்தது.

"முத்தையா."

அது என் வீட்டுக்காரர் பேர்.

அவர் சாகவில்லை. கீழே லயத்து வரிசைவீடுகளில் எங்கள் வீட்டில் குடித்துவிட்டுச் சாக்கில் சுருண்டு கிடந்தார். நான்தான் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு விறகுக்கு வந்திருந்தேன்.

"முத்தையா. முத்தையா."

விறகை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வாயால் சொல்லாத பேர்

அவர் பேரைக் கடைசி வரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவதில் பாவம் இல்லை என்று நானாக வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன். போன வாரம் இதே இடத்தில் லயத்து அடுப்பையும் ஈர விறகையும் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணுமே இல்லியே" என்று ஒரு பெண் கேட்டாள். இருக்கிறது. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நான் போடியில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்க உட்கார வைத்தார்கள். கல்யாணமாகிக் குரங்கணி வழியாக மலையேறியபோது எனக்குப் பதினெட்டு இருக்கலாம். அப்போது மேலே ரோடு கிடையாது. கழுதைகள் போகிற ஒற்றையடிப் பாதைதான். முன்னால் அவர் நடந்தார். திரும்பிப் பார்க்காமலே, "வழுக்கும், பாத்து வா புள்ள" என்றார். கல்யாணமான பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நல்ல மனுசர். இதை யாரிடமும் சொல்லி நம்ப வைக்க முடிந்ததில்லை.

ஏலத்தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். வேலையாட்கள் வரிசையாக நிற்க, கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இருக்கிறவர்கள், "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். பெண்கள் வரிசையில் என் குரல் மட்டும் கங்காணிக்குக் கேட்காது. "ராக்கம்மா வந்திருக்காளா, இல்ல சேலை மட்டும் வந்திருக்கா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆண்கள் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அப்படி வளர்ந்துவிட்டேன்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

அந்த வருசங்களில் கீழே போடியில் மதுவிலக்கு. வாயில் வாடை வந்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் வேறு சர்க்கார், வேறு சட்டம். ஓடைக்கரையில் ஒரு மலையாளத்துச் சேட்டன் சாராயக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பளைகள் மேலே ஏறிப் போவார்கள். மத்தியானம் ஏதோ ஒரு மாதிரி இறங்கி வருவார்கள்.

அவரும் வேலுச்சாமியும் எப்போதும் சேர்ந்துதான் போவார்கள். ஒரே ஊரிலிருந்து மலையேறினவர்கள். மாமன் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அந்தச் சித்திரையில் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மஞ்சும் இறங்கிவிட்டது. வேலுச்சாமி ஒரு ஏலச்செடி தூரில் உட்கார்ந்து, "செத்த நேரம் இருந்துட்டு வர்றேன் மாப்ளே" என்றாராம். இவர் முன்னால் நடந்திருக்கிறார். கொஞ்ச தூரம் வந்து, "ஏ வேலு!" என்று கூப்பிட்டிருக்கிறார். "வர்றேன், நீ போ" என்று பதில் வந்தது. இன்னும் கீழே வந்து கூப்பிட்டபோதும், "வர்றேன், நீ போ."

மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். கண் திறந்திருந்தது. தூக்கப் போனவர்கள் சொன்னார்கள், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே குளிரில் உயிர் போயிருக்கும் என்று.

அப்படியானால் இரண்டாம் தடவை பதில் சொன்னது யார்?

இதை என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு தடவை கேட்டார். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிக்கிறவராக இல்லை. தினமும் குடித்தார். பாட்டிலில் வாங்கி வந்து கூரை ஓட்டில் செருகி வைத்தார். வைகாசி கடைசியில் கறுப்பாக வாந்தி எடுத்தார். தோட்டத்துக் கம்பவுண்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டு, "இந்த மழைக்காலம் முழுக்கக் குடிச்சா, அடுத்த மழைக்காலம் இவருக்குக் கெடையாது" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி ஒரு மாசத்தில்தான் மஞ்சுக்குள் அந்தக் குரல் அவர் பேரைக் கூப்பிட்டது.

குப்பை

பக்கத்து வீட்டு ஒச்சம்மாக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"செத்தவன் ரெண்டு பேரு, பொறவு ஒன் புருசன். வரிசை சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. அவளுக்கு நாக்கு அப்படி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏடி, அழுவாத. கேளு. அது பேரைச் சொல்லித்தானே கூப்பிடுது?"

"ஆமாக்கா."

"அப்பப் பேரை மாத்திரு. பிள்ளை தங்காத வீட்டுல பிச்சை, குப்பைன்னு பேரு வைக்கிறதில்லையா? அது மாதிரி. குப்பைன்னு வையி. குப்பையை எவன் கொண்டுக்கிட்டுப் போவான்?"

எனக்கு அது சரியென்று பட்டது. எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் கூப்பாட்டுக்கு அதுதான் வழி. கூப்பிடுகிறவன் வந்து கேட்டால், அந்தப் பேரில் இங்கே ஆளே இல்லை என்று வீட்டாரும் அக்கம்பக்கமும் ஒரே வாயாகச் சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலமே லயம் பூராவும் சொல்லியாயிற்று. அக்காதான் வீடு வீடாகப் போனாள். கங்காணியிடமும் போய்ச் சொன்னாள்.

"பெரட்டுலயும் குப்பைன்னு கூப்பிடணுமா? அப்ப ஏலத்தூருக்கு எருவாப் போட்டுறட்டா?" என்றார் கங்காணி.

"போடுங்க. அவரு வேலைக்கு வந்து நாலு நாளாச்சு. எருவா இருந்தாலாவது ஒரு சோலி ஆகும்" என்றாள் அக்கா.

லயத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "குப்பை மாமா, குப்பை மாமா" என்று வாசலில் வந்து கத்தின. அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"ஏ புள்ள, என்ன எதுக்குக் குப்பைங்கிறாங்க?"

"ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"சரியான பேருதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொங்காணி போட்ட இரண்டு பேர்

புதன்கிழமை நல்ல மழை. பகல் என்று பேர்தான், வீட்டுக்குள் விளக்கு வைக்க வேண்டியிருந்தது. கேப்பை மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

இரண்டு ஆட்கள். சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை போடுகிற கொங்காணி போட்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. சாக்கு நுனியிலிருந்து தண்ணீர் கோடாக ஒழுகியது. படி ஏறாமல் நின்றார்கள்.

"முத்தையா வீடு இதுதானே?"

மாவுக்கையோடு எழுந்தேன். பேரைச் சொல்லிக் கேட்டு வந்துவிட்டார்கள். வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"அப்பிடி ஆரும் இங்க இல்ல" என்றேன். அன்னிய ஆம்பளைகளிடம் அவ்வளவு உரக்க நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"இல்லியா? பெரிய லயம், மூணாவது வீடுன்னுதான்..."

"இல்ல. இங்க குப்பைன்னு ஒருத்தருதான் இருக்காரு."

ஒருவர் குனிந்து என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். படுத்திருந்த என் வீட்டுக்காரர் கால் சாக்கிலிருந்து வெளியே நீண்டிருந்தது. பார்த்தவர் நிமிர்ந்து மற்றவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் மழைக்குள் போனார்கள். பத்தடியில் மறைந்துபோனார்கள்.

பக்கத்து வாசலிலிருந்து ஒச்சம்மாக்கா, "நல்லாச் சொன்னடி!" என்றாள்.

"ஆரு புள்ள அது?" உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"ஆருமில்ல."

சாமிக்கு நன்றி சொல்லி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது அவர் எழுந்து எல்லைக்கல்லைத் தாண்டிப் போயிருக்கிறார். கழுதைக்காரர் ஒருவர் கழுதைமேல் குறுக்காகப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். இந்தத் தடவை வாந்தி கறுப்பு இல்லை. சிவப்பு.

கோழியோடு போனது

ஒச்சம்மாக்காதான் கோழியைக் கொடுத்தாள்.

"பேரை மாத்தியும் விடல. இனிமே நேரா கேட்டுற வேண்டியதுதான். இந்தக் கோழியை எடுத்துக்க, எனக்குப் புருசனை விட்டுருன்னு சொல்லு. நான் வீட்டுல அவரைப் பாத்துக்கிறேன்."

"நீயும் வாக்கா."

"கூப்பிட்டது ஒன் புருசனை. நான் எதுக்கு வந்து என் பேரையும் ஞாபகப்படுத்தணும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன். கோழி கக்கத்தில் சூடாக இருந்தது. அதன் நெஞ்சு என் விலாவில் துடித்தது. மலைமேல் எனக்கு இருந்த துணை அது ஒன்றுதான்.

போன வாரம் விறகைப் போட்ட இடம் வந்தது. விறகு அப்படியே கிடந்தது. மஞ்சு அதன்மேல் புகை மாதிரி போய்க்கொண்டிருந்தது. நின்றேன்.

"பரமன்."

ஓடவில்லை. குரல் வந்த பக்கம் என்று நினைத்து நாலடி நடந்தேன். சத்தம் பின்னால் போய்விட்டது. திரும்பி நடந்தேன். பக்கவாட்டில் கேட்டது. ஏலச்செடிகளை விலக்கி, கீழே பார்க்காமல் இறங்கினேன்.

"வேலுச்சாமி."

மஞ்சுக்குள் கறுப்பாக ஒரு சுவர் எழுந்தது. தகரக்கூரை. பலகைச் சுவர். பச்சைக் காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டோர் அது. காய்க்காலம் முடிந்த பிறகு பூட்டிக் கிடக்கும். இப்போதும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புகைபோக்கியில் புகை இல்லை. ஆனால் பூட்டு தொங்கவில்லை.

"முத்தையா" என்றது பலகைக்கு உள்ளே இருந்து.

கதவைக் காலால் தள்ளினேன்.

ஒன்பது பேர்

உள்ளே இருட்டு. பல வருசத்து ஏலக்காய் வாசனை பலகையிலிருந்து முகத்தில் அடித்தது. அணைந்த பெரிய அடுப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. ஒன்பது பேர் என்று பிறகு எண்ணினேன்.

கோழிதான் முதலில் கத்தியது.

"ஆரு தாயி நீ?" நடுவில் இருந்தவர் கேட்டார். அதே குரல். பார்த்தால் ஸ்டோர் அடுப்புக்காரர் அருளப்பன். கழுத்தில் சிலுவைக் கயிறு. தினமும் பெரட்டில் பார்க்கிற மனுசர்தான். ஆனால் அதிகம் வாய் திறக்காதவர். குரல் எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

யார் வீடு என்று சொல்ல வேண்டும். பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க மூணாவதாக் கூப்பிட்டீங்கள்ல," என்றேன், "அவுக வீடு."

"கோழி எதுக்கு?"

"உங்களுக்குத்தான். நீங்க... செத்தவுகன்னு நெனச்சு..."

ஒரு மூலையில் யாரோ 'க்கும்' என்று அடக்கினார். அவ்வளவுதான், ஒன்பது பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தகரக்கூரை அதிர்ந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாதிதான் தாயி தப்பு. பாதி செத்தவங்கதான் நாங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அருளப்பண்ணன் ஒரு கொட்டாங்கச்சியில் கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் கதவோரமாக நின்றேன்.

அவர்கள் எல்லாரும் குடித்தவர்கள். நிறுத்தப் பார்க்கிறவர்கள். தனியாக நிறுத்தினால் நாலு நாள்கூட நிற்க முடியவில்லை என்று அருளப்பண்ணன்தான் இதை ஆரம்பித்திருக்கிறார்.

"நான் சோம்பேறி தாயி. ஆனா பெரட்டுல பேரு கூப்பிடுவாங்கன்னா எந்த மழையிலயும் வந்து நிப்பேன். அந்த மாதிரி, குடிக்காம இருக்கிறதுக்கும் ஒரு பெரட்டு இருந்தா என்னன்னு தோணுச்சு. அந்த வாரம் குடிக்காதவன் இருக்கேன்னு சொல்லணும். குடிச்சவன் சும்மா உக்காந்திருக்கணும். பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

"செத்தவுகளை எதுக்குக் கூப்பிடுறீக?"

"குடியில போனவங்க. பதில் வராதுன்னு காதால கேட்டுக்கிறணும்ல" என்றார்.

ஒருவர் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போடியில் கடைவீதியில் கடை உள்ளவர். ஒவ்வொரு ஞாயிறும் கோழி கூவுமுன் கிளம்பிக் குரங்கணி வழியாக ஏறி வருவாராம். "கீழ எங்க போயிச் சொல்றது? அங்க குடியே இல்லேன்னு சட்டம். இல்லாத குடியை நான் எப்பிடி விட்டேன்னு சொல்ல?" என்றார்.

என் வீட்டுக்காரர் வேலுச்சாமி செத்த பத்தாம் நாள் இங்கே வந்திருக்கிறார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்து, பேரை மட்டும் சொல்லியிருக்கிறார். வேலுச்சாமி பேரைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடிவிட்டாராம். அன்றிலிருந்து வாராவாரம் அவர் பேரைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேரை வீட்டுக்கே அனுப்பிச்சோம்" என்றார் அருளப்பண்ணன்.

அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆத்தா, புதன்கிழமை மாவுக்கையோட நின்னு ஆளே இல்லேன்னது நீதானே?"

தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. பேர் மாற்றியதைச் சொன்னேன். குப்பை என்று சொன்னதைச் சொன்னேன். சனிக்கிழமை ரத்தத்தைச் சொன்னேன். அன்றைக்கு அவர்களை உள்ளே விட்டிருந்தால் சனிக்கிழமை அவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். கதவை அடைத்தது நான்.

யாரும் சிரிக்கவில்லை.

"கெளம்புங்கப்பா, வெரசா" என்று அருளப்பண்ணன் எழுந்தார். "தாயி, கோழியைக் கைவிட்டுறாத. சாறு வச்சுக் குடுக்கணும்."

அடுப்படி மூலை

அந்த வாரம் எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். வேலை முடிந்து இரண்டு பேர் வர, அதுவரை இருந்த இரண்டு பேர் போவார்கள். கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் மருந்து கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார். ஓட்டில் செருகியிருந்த சாராயத்தை ஒச்சம்மாக்கா எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள். "குப்பையில இருந்து பூச்சி போயிருச்சு" என்றாள்.

முதல் இரண்டு நாள் அவருக்கு உடம்பு நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் சட்டென்று நடுக்கம் நின்றது. அவர் அடுப்படி மூலையைப் பார்த்தார்.

"வேலு வந்திருக்கான் புள்ள. ஈரத்தோட உக்காந்திருக்கான். துண்டு குடு."

மூலையில் உலக்கையும் ஒரு கூடையும்தான் இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

அன்று முறை அருளப்பண்ணனுக்கு. நான் எதிர்பார்த்தது போல, 'அங்க ஒண்ணுமில்ல, சும்மா இரு' என்று அவர் சொல்லவில்லை. அவரும் மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன சொல்றான்?"

"வர்றேன், நீ போங்கிறான்." அவர் உதடு கோணியது. "அன்னைக்கும் இதத்தான்ணே சொன்னான். நான் போயிட்டேன்."

"எங்கிட்டயும் செத்துப்போன என் தம்பி வந்தான், ஒம்போது நாளு. அவனும் நனஞ்சுதான் வந்தான்." அருளப்பண்ணன் என் வீட்டுக்காரருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கேளு முத்தையா. அவன் வர்றானா இல்லியான்னு அவன் பாத்துக்கிருவான். நீ போன்னு சொல்றான்ல? அப்ப நீ போகணும். ஞாயித்துக்கெழமை ஸ்டோர் வரைக்கும் போகணும். அதுக்கு மேல கேக்கல."

அவர் அழுதார். சாயங்காலம் வரை அழுதார். பிறகு தூங்கினார்.

நான் அடுப்பு மூட்டப் போனேன். மூலையில் ஒரு ஆள் உட்கார்கிற அகலத்துக்குத் தரை ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் கூரை எப்போதும் ஒழுகினதில்லை. அருளப்பண்ணனும் பார்த்தார். நான் சாணித்துணியை எடுத்துத் துடைத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்று வரை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஒச்சம்மாக்காவிடம்கூட.

வியாழன் போனது. வெள்ளி போனது. சனிக்கிழமை கோழிச்சாறு ஒரு கிண்ணம் உள்ளே போய்த் தங்கியது.

பலகைக்கு வெளியே

ஞாயிற்றுக்கிழமை, முன்பு அவரைக் கொண்டுவந்து இறக்கிய கழுதைக்காரரும் வெள்ளைச் சட்டைக்காரரும் அவரை இரண்டு பக்கமும் தாங்கி நடத்திக் கொண்டுபோனார்கள். நான் பத்தடி பின்னால் போனேன். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று எல்லைக்கல்லுக்கு, ஒன்று ஸ்டோருக்கு. அங்கே அவர் நின்றார். மேலே போகிற பாதையைப் பார்த்தார். மஞ்சு அந்தப் பாதை வழியாகத்தான் இறங்கி வந்துகொண்டிருந்தது. தாங்கினவர்கள் அவரை இழுக்கவில்லை. அவராகத் திரும்பும் வரை நின்றார்கள்.

நான் உள்ளே போகவில்லை. ஆம்பளைகள் பேசுகிற இடம். வெளியே பலகைச் சுவரில் காதை வைத்துக் குந்தி உட்கார்ந்தேன். பலகை சில்லென்று இருந்தது.

"பரமன்."

மூன்று தடவை. அமைதி. உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"வேலுச்சாமி."

என் வீட்டுக்காரர் போன தடவை எழுந்து ஓடினது இந்தப் பேருக்குத்தான். கதவைப் பார்த்தேன். கதவு திறந்தால் நான் போய்க் குறுக்கே விழுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"வேலுச்சாமி."

எனக்குப் பின்னால், மேட்டில், ஏலச்செடிகள் விலகுகிற சத்தம் கேட்டது. இலையை ஒதுக்கி ஒதுக்கி, மெதுவாக இறங்குகிற சத்தம். மிளா மானாக இருக்கலாம். மந்தியாக இருக்கலாம். நனைந்த துணி காலில் அடிக்கிற மாதிரியும் இருந்தது. நான் திரும்பவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வேலுச்சாமி."

சத்தம் எனக்குச் சில அடி பின்னால் வந்து நின்றது.

உள்ளே யாரும் பதில் சொல்லக்கூடாத நேரம் அது. ஆனால் பதில் வந்தது. கரகரவென்று, பாதி உடைந்த குரல். அந்த வாரம் பூராவும் அழுது தேய்ந்துபோன குரல்.

"அவன் வரமாட்டாண்ணே. நான் வந்திருக்கேன்."

எனக்குப் பின்னால் செடிகள் மறுபடி அசைந்தன. சத்தம் மேட்டில் ஏறி, எல்லைக்கல் பக்கமாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது.

அருளப்பண்ணன் நெடுநேரம் கழித்து அடுத்த பேரைக் கூப்பிட்டார். அதை ஒரே தடவைதான் கூப்பிட வேண்டியிருந்தது.